ஜெயித்த மறுநாள்

சிறிய அணி பெரிய அணியை ஜெயிக்க முடியுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெரிய அணியின் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். சிறிய அணியில் ஆடுகிற பையன்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். முந்தின நாள் பெய்த மழை யார் பக்கம் சேறாக நிற்கும், பந்து எவனுடைய முழங்காலில் பட்டு எங்கே திரும்பும், எதிரணி கோல்கீப்பர் எந்த நொடியில் கவனம் பிசகுவான் என்பதையெல்லாம் எந்தப் பணத்தாலும் முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. ஆகவே ஒரு நாள் ஜெயிப்பது நடக்கும். எல்லா ஊரிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. என்னை விடாமல் அரிப்பது அதற்கு அடுத்த நாள். ஜெயித்த அணி மறுநாள் காலையில் என்ன ஆகிறது? அடுத்த பருவத்தில் யார் யார் அதில் மிச்சம் இருக்கிறார்கள்? பத்து வருடம் கழித்து அந்த அணி இருக்கிறதா? வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் கோப்பையைத் தூக்கிய படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவர்களைத் தேடிப்போனால் கிடைப்பது வேறு கதை. அது விளையாட்டோடு நிற்கிற கதையாகவும் எனக்குப் படவில்லை.

நான் இருப்பது கருங்குழியில். வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர்ப் பக்கம். இது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி, மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி. விழுப்புரம் பாதையில் படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே எங்கள் ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் வண்டிகள் தடதடத்துக்கொண்டு போய்விடும், பாசஞ்சர் நிற்கும். அறுவடை முடிந்த வயலில் தாள் கட்டைகட்டையாக நிற்கும். பையன்கள் அதை மிதித்து மிதித்தே கொஞ்ச நாளில் தரையாக்கிவிடுவார்கள். எங்கள் பக்கம் வாலிபாலும் கபடியும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டும்தான் அதிகம். ஃபுட்பால் ஆடுவது ஒரே ஒரு செட்டு. சவுக்குக் கழி இரண்டு நட்டு, குறுக்கே கயிறு கட்டினால் கோல். பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று இருட்டும்வரை சண்டை. வெறுங்காலில் ஆடுகிறவன் தாளடி குத்தாமல் ஓடப் பழகுவதில் நடையிலேயே ஒரு துள்ளல் ஏறிவிடும். பிறகு பூட்ஸ் போட்டாலும் அது போகாது. கல்லூரி மைதானத்தில் பதினொரு பேர் ஒரே மாதிரி ஜெர்ஸியில் நின்றாலும், அந்தத் துள்ளலை வைத்தே இவன் வயலில் ஆடினவன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும். புழுதி, வேர்வை, பக்கத்து வரப்பில் எரிகிற வைக்கோலின் புகை. இந்தச் செட்டிலிருந்து கல்லூரி அணி வரைக்கும் போகிறவன் எப்போதாவது ஒருவன்தான். அவன் எங்கே போகிறான் என்பதில்தான் என் கவலை தொடங்குகிறது.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் ஃபுட்பால் நம்முடைய கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழுகிற ஆட்டம். ஆனாலும் சிறியது பெரியதை ஜெயிக்க முடியுமா என்ற கேள்வியை அந்த நாட்டுக்காரர்கள் அளவுக்கு வேறு யாரும் போட்டு உருட்டியதில்லை. அங்கே கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து ஆடுகின்றன. தொலைக்காட்சிப் பணமும் பெயரும் நாலைந்து பெரிய கான்ஃபரன்ஸ்களிடம், மற்றவை சின்னவை. ஐடஹோ மாநிலத்தின் போய்சி ஸ்டேட் சின்ன கூட்டத்து அணி. 2007 ஜனவரி 1 அன்று அது ஓக்லஹோமாவை 43-42 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தது. அந்தப் பருவத்தில் ஆடிய 13 ஆட்டங்களையும் ஜெயித்த அணி. பட்டம் கிடைத்ததா? பட்டத்துக்கான ஆட்டத்துக்கே அதை அழைக்கவில்லை. அதற்குப் பல வருடம் கழித்து, 2021 பருவத்தில், சின்சினாட்டி என்ற சின்ன கூட்டத்து அணியைக் கடைசி நான்கு பேரில் ஒருவராகச் சேர்த்தார்கள். அலபாமா அதை 27-6 என்று தோற்கடித்தது. முதலாவதில் ஜெயித்தவனுக்குக் கதவு திறக்கவில்லை; இரண்டாவதில் கதவு திறந்தது, உள்ளே போனவன் தோற்றான். விவாதிப்பவர்கள் இந்த இரண்டையும் தராசில் வைத்து ஆண்டுக்கணக்காக எடை போடுகிறார்கள். எனக்கோ அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகத் தெரிகிறது. போய்சியின் பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சன் 2013 இறுதியில் பெரிய கூட்டத்து வாஷிங்டனுக்குப் போனார். 2017-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சென்ட்ரல் ஃபுளோரிடாவின் பயிற்சியாளரை, பருவம் முடிவதற்குள்ளேயே நெப்ராஸ்கா ஒப்பந்தம் செய்துகொண்டது. சின்சினாட்டியின் பயிற்சியாளர் விஸ்கான்சினுக்குப் போனார். அப்புறம் 2023-ல் சின்சினாட்டி, சென்ட்ரல் ஃபுளோரிடா, ஹூஸ்டன் என்ற கல்லூரிகளையே பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. சின்னவர்களில் ஜெயித்தவர் அதோடு சின்னவராக இருப்பது முடிந்தது. பின்னால் நின்றவர்கள் முன்பைவிடச் சின்னவர்கள் ஆனார்கள். 2021-லிருந்து மாணவர்களும் ஒரு பருவம் காத்திருக்காமல் கல்லூரி மாறி ஆடலாம் என்று விதி வந்தது. சின்னக் கல்லூரி இரண்டு வருடம் தேய்த்து உருவாக்கிய பையனைப் பெரிய கல்லூரி ஒரு குளிர்காலத்தில் தூக்கிக்கொள்கிறது. போய்சியில் ஆடிய ஆஷ்டன் ஜென்டி என்ற ஓட்டக்காரன் மட்டும், வெளியே அதிகப் பணம் காத்திருந்தும், போகமாட்டேன் என்று நின்றான். 2024-ல் அவனால்தான் அந்தக் கல்லூரி 12 அணிகள் மோதும் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. வந்து பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றது. தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு அணி அடுத்த வருடமும் அதே அணியாக இருப்பது ஒரு பையனின் மனத்திடத்தை நம்பி நின்றதே, அதுதான் கலங்கவைக்கிறது.

அமெரிக்கா வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. 43 புள்ளி, ஒரே புள்ளி பின்னால், 42-ல், ஈஸ்ட் பெங்கால். கொல்கத்தாவின் நூறு வருடப் பெருமைக்கு எதிரே நின்று ஒரு தமிழ்நாட்டு கிளப் தேசியப் பட்டம் வாங்கிய நாள் அது. அன்று தடுப்பாட்டக்காரரான கவுரவ் போரா இரண்டு கோல் போட்டார். அந்தப் பருவம் முழுக்க ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அடித்த கோல்கள் 21. நெய்வேலிப் பையன் எட்வின் வன்ஸ்பால் நடுமைதானத்தைத் தாங்கினார். அடுத்த மாதம் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பைக் காலிறுதி, எதிரே ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு. பணத்திலும் பெயரிலும் ஒரு படி மேலே இருக்கிற லீகின் முதல் அணியைச் சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்தது. முடியுமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவாக மைதானம் எப்படி விடை சொல்லும்? ஆனால் மைதானத்துக்கு வெளியே விடை வேறாக இருந்தது. ஐ-லீக்கை ஜெயித்தாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறுகிற வழி அன்றைக்கு இல்லை. ஏணி வைக்கப்பட்டது 2022-23 பருவத்தில்தான். அதில் முதலில் ஏறியது பஞ்சாப் அணி. அதற்குள் எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போயிருந்தார், மான்சி ஜப்பானுக்குப் போயிருந்தார். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தொடக்கச் சுற்றுக்குத் தகுதி பெற்ற அணி தன் சொந்த மைதான ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆடி, பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றது. தன் ஊர் ஜனங்கள் கத்துகிற சத்தம்கூட அதற்குக் கிடைக்கவில்லை. 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சென்னை சிட்டியின் பட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி மிசோரமின் ஐசால் பட்டம் வாங்கியது. முந்தின பருவத்தில் கீழே தள்ளப்பட்டு, கோவா கிளப்புகள் விலகியதால் திரும்ப அழைக்கப்பட்ட அணி அது. பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் காலித் ஜமீல் அடுத்த பருவம் ஈஸ்ட் பெங்காலில் இருந்தார். யாரையும் நான் குறை சொல்லவில்லை. எட்வின் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஜெயித்ததே கலைவதற்குக் காரணமாக ஆகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறதே, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இதன் உள்ளூர் வடிவம் எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிறது. கருங்குழியில் ஏறி வடக்கே போனால் பாலாற்றுப் பாலம் தாண்டிச் செங்கல்பட்டு. அங்கே 1970-ல் தொடங்கிய இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி. இன்னும் போனால் பொத்தேரி, இறங்கினால் எஸ்.ஆர்.எம். வளாகம். வாலிபாலில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் பட்டத்தைப் பல முறை வென்ற இடம். மாவட்டத்தின் கிழக்கே மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே மாநில அரசின் பல்கலைக்கழகம். 2024 முதலமைச்சர் கோப்பையில் சென்னைக்கு அடுத்த இரண்டாம் இடம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு. செய்தியைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் பெருமைப்பட்டார்கள், நானும்தான். ஆனால் 2019-ல் பிறந்த இந்த மாவட்டத்தின் வட பாதி சென்னையின் நீட்சி. பெரிய வளாகங்களும் ஃபிளட்லைட்டும் செயற்கைப் புல்லும் அந்தப் பக்கம். பாலாற்றுக்குத் தெற்கே அந்தப் பதக்கங்களில் எத்தனை என்று யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகப் போட்டிகளின் அமைப்பே விசித்திரமானது. சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற பழைய பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளில் ஆடுகிறவர்களைத் தேர்வு வைத்துப் பொறுக்கி ஒரு அணி சேர்க்கிறது. பையன்கள் வேறு வேறு கல்லூரி. சேர்ந்து ஆடப் பழகுவது முகாம் போட்ட சில நாள். தனியார் பல்கலைக்கழகமோ ஒரே வளாகம், ஒரே ஹாஸ்டல், வருடம் முழுக்க ஒரே மைதானம். பெயரளவில் பெரியது எது, ஆட்டத்தில் பெரியது எது என்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது. விதிவிலக்கும் இருக்கிறது: கால்பந்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம். அதுவும் இணைப்புக் கல்லூரிகளிலிருந்து பொறுக்கிய அணிதான். ஆனால் மலப்புறத்தின் செவன்ஸ் ஆட்டங்களில் இரவெல்லாம் மூங்கில் காலரியில் உட்கார்ந்து பார்க்கிற ஊரே அந்த அணிக்குப் பின்னால் நிற்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் அகில இந்தியப் பட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் பணத்துக்கு இருக்கிற பங்கைவிட அந்தக் காலரிகளுக்கு இருக்கிற பங்கு பெரிது என்று நம்புகிறேன்.

எங்கள் செட்டில் ஒருவன் நல்ல ஃபார்வர்டு. இடது காலால் அடித்தால் பந்து வளைந்து உள்ளே வரும். பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, முதல் வருடமே ஒரு டோர்னமெண்டில் ஊரறிந்த தனியார் அணி ஒன்றை அவன் கல்லூரி சாய்த்தது. பையன்கள் மினி லாரியில் ஊர் திரும்பினார்கள். பேரூராட்சி அலுவலகம் வரை பட்டாசு. அடுத்த கல்வியாண்டில் அவன் தோற்ற அணியில் இருந்தான். படிப்பு இலவசம், ஹாஸ்டல் இலவசம், பூட்ஸ் அவர்களே வாங்கித் தருவார்கள். அவனுடைய அம்மா என்னிடம் சொன்னார்: "மூணு வேள சோறு, முட்ட, படிப்பு, அல்லாம் சும்மா தரேங்கறாங்கண்ணா. போவாதடான்னு நான் எப்பிடி சொல்றது?" அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவன் போனது சரி என்று மனசு முழுக்க நம்புகிறேன். அந்த அரசுக் கல்லூரியின் பிசிகல் டைரக்டர், ஒரு பந்துப்பையும் விசிலும் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்பதும் அதே அளவுக்கு என்னை வாட்டுகிறது. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் யோசிப்பது சுலபம். பையனின் பக்கம் மட்டும் நின்றால் இது முன்னேற்றக் கதை. கல்லூரியின் பக்கம் மட்டும் நின்றால் கொள்ளையடித்த கதை. இரண்டும் ஒரே பையனுக்குள் நடக்கிறது. அவன் லீவுக்கு ஊருக்கு வந்தால் இப்போதும் அதே கயிற்றுக் கோலில்தான் அடித்துப் பழகுகிறான். தம்பிகள் அவன் பூட்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அவன் காட்டிய வழி ஒன்றே ஒன்று: நல்லா ஆடு, ஆடினால் இங்கேயிருந்து போய்விடலாம்.

பெரிய அணியின் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் என்று தொடங்கினேன். கிரிக்கெட்டில் நாமும் அந்தப் பக்கம்தான். ராஜஸ்தான் 2010-11 ரஞ்சிப் பருவத்தைக் கீழ்த்தட்டான பிளேட் பிரிவில் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே தீபக் சாஹர் என்ற புதுப் பையன் 10 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, ஹைதராபாத் 21 ரன்னுக்குச் சுருண்டது. அங்கிருந்து மேலே வந்து மும்பையைத் தாண்டி, தமிழ்நாட்டைத் தாண்டி, பரோடாவில் கோப்பையை எடுத்தது. ஏதோ ஒரு வருடம் அதிர்ஷ்டம் அடித்தது என்றுதான் இங்கே பலரும் பேசினார்கள். 2012 ஜனவரியில் அதே ராஜஸ்தான் இறுதிப் போட்டிக்குச் சேப்பாக்கத்துக்கு வந்தது. வினீத் சக்சேனா ஏறக்குறைய 15 மணி நேரம் நின்று 257 ரன் எடுத்தார். அணி எடுத்தது 621. மூன்றாம் நாளும் அவர்களே ஆடினார்கள். நாம் பதிலுக்கு எடுத்தது 295. முதல் இன்னிங்ஸ் முன்னிலையிலேயே கோப்பை மறுபடி அவர்களுக்கு. வெயிலில் காலியாகிக்கொண்டே போன காலரிகளை நினைத்துப் பார்க்கிறேன். சிறியவனிடம் தோற்கும்போது பெரியவனுக்கு வருவது கோபம் இல்லை, சலிப்பு. இவன் ஏன் இன்னும் அவுட்டாகவில்லை என்ற சலிப்பு. ராஜஸ்தானால் முடிந்ததற்கு ஒரு காரணம் ஆகாஷ் சோப்ரா, ஹிருஷிகேஷ் கனிட்கர் போன்ற வெளியூர் ஆட்டக்காரர்களை அழைத்து வந்தது. ஆட்கள் கீழிருந்து மேலே மட்டும் போகாமல், மேலிருந்து கீழேயும் வந்தார்கள். இன்னொரு காரணம் எளியது. பிளேட்டில் ஜெயித்தவன் அதே பருவத்திலேயே காலிறுதிக்கு வரலாம் என்று விதி இருந்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் சாஹரின் 8 விக்கெட் ஒரு புள்ளிவிவரமாக மட்டும் நின்றிருக்கும். பிறகு ராஜஸ்தான் ரஞ்சியில் அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது போல.

கதவு, ஆள் போவது இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில்தான். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட். முதல் தரவரிசையில் வந்தது அமெரிக்கா. அந்த அணியின் முன்வரிசையைப் பாருங்கள்: கருவானா முன்பு இத்தாலிக்கு ஆடியவர், வெஸ்லி சோ பிலிப்பைன்ஸ், டொமிங்கெஸ் கியூபா, ஆரோனியன் ஆர்மீனியா. ஆர்மீனியா ஏறக்குறைய முப்பது லட்சம் பேரே உள்ள நாடு. ஆரோனியன் அவர்களுக்கு விளையாட்டு வீரர் என்பதற்கும் மேல். அவர் 2021-ல் போய்விட்டார். போனபிறகு வந்த முதல் நேரடி ஒலிம்பியாட் இது. முடிவில் தங்கம் 14-ஆம் தரவரிசையில் வந்த உஸ்பெகிஸ்தானுக்கு. முதல் பலகையில் 17 வயது அப்துசத்தோரோவ். அதே புள்ளிகளோடு வெள்ளி, ஆரோனியன் இல்லாத ஆர்மீனியாவுக்கு. வெண்கலம் 11-ஆம் தரவரிசையில் இருந்த நம் இரண்டாம் அணிக்கு, குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடிய அணிக்கு. எட்டாம் சுற்றில் அவர்கள் அமெரிக்காவை 3-1 என்று சாய்த்தார்கள். குகேஷ் கருவானாவை ஜெயித்தார். ஆரோனியன் ஆடிய அமெரிக்கா ஐந்தாம் இடம். ஆளை இழந்த சிறியது, ஆளைப் பெற்ற பெரியதற்கு மேலே நின்றது. அந்த வருடத்தில் மனசு நிறைந்து நான் படித்த பட்டியல் அதுதான். 11 சுற்றும் சுவிஸ் முறை: ஜெயித்தவர்களை அடுத்த சுற்றில் தங்களைப் போலவே ஜெயித்தவர்களோடு உட்காரவைக்கும். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், தொலைக்காட்சி யாரைக் காட்ட விரும்புகிறது என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. போய்சிக்குக் கிடைக்காதது, சென்னை சிட்டிக்குக் கிடைக்காதது, பூஞ்சேரியில் எல்லா நாட்டுக்கும் முதல் நாளிலிருந்தே கிடைத்தது.

இதிலும் சந்தேகம் வராமல் இல்லை. செஸ்ஸுக்கு மைதானம் வேண்டாம், மெஸ் வேண்டாம், பதினொரு பேர் ஒரே நேரத்தில் பசியில்லாமல் இருக்க வேண்டாம். உஸ்பெகிஸ்தான் சின்ன அணி என்றாலும் அதற்குப் பின்னால் ஒரு நாடே நிற்கிறது. ஆர்மீனியாவில் செஸ் பள்ளிப் பாடம். ஆரோனியன் போனாலும் அவரை உண்டாக்கிய வகுப்பறை போகவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை நிறுத்துகிறது. ஆள் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆளை உண்டாக்கிய இடம் வற்றாமல் இருக்கிறதா என்பதுதான் சிறியவன் போட்டியில் இருக்கிறானா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்து இந்தியப் பெண்கள் லீக் பட்டம் வாங்கியது. அதன்பிறகும் அந்த அணி அந்த லீகில் தொடர்ந்து ஆடியது. கடலூரிலும் மதுரையிலும் பெண்களைச் சேர்த்துப் பழக்கிய மைதானங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. பெரியது என்றைக்கும் பெரியதாக இருக்கப்போவதும் இல்லை. கருங்குழிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டார்கள். 1759-ல் அயர் கூட் அதைப் பிடித்தார். 1859 வரை, 1825 முதல் 1835 வரையிலான பத்து வருடம் நீங்கலாக, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைநகரே இதுதான். இன்றைக்குப் பேரூராட்சி, கோட்டை இருந்த சுவடு தேடினால்தான் தெரியும். ஆகவே யார் பெரியவர் என்பது மாறும். மாறும்போது கீழே இருப்பவர்களிடம் ஆடுவதற்கு ஆள் இருக்க வேண்டும், ஆட இடம் இருக்க வேண்டும்.

உலகக் கால்பந்துக்கு இதைப் பற்றி ஒரு யோசனை ஏற்கெனவே உண்டு. ஒரு வீரர் பணத்துக்கு ஒரு நாட்டு கிளப்பிலிருந்து வேறு நாட்டு கிளப்புக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகள் எல்லாவற்றுக்கும் பிரித்துத் தரவேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. ஏதோ ஒரு தெருவின் சின்ன கிளப் எப்போதோ பழக்கிய பையன், பத்து வருடம் கழித்து அந்தக் கிளப்புக்குப் புது வலை வாங்கித் தருகிறான். நம் கல்லூரி விளையாட்டில் அப்படி எதுவும் இல்லை. அரசுப் பள்ளியின் பி.டி. வாத்தியார் தன் சம்பளத்தில் வாழைப்பழமும் குளுக்கோஸும் வாங்கிக் கொடுத்து வளர்த்தவனை, ஹாஸ்டலும் மைதானமும் உள்ள வளாகம் எடுத்துக்கொள்கிறது; பரிசளிப்பு மேடையில் அந்த வாத்தியாரின் பள்ளிப் பெயர்கூட வருவதில்லை. சட்டம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டம் வரும்வரை காத்திருந்தால் இப்போது ஆடுகிற பையன்களுக்குத் தாடி நரைத்துவிடும். விளையாட்டு வீரனுக்குச் சீட் கொடுக்கிற ஒவ்வொரு பல்கலைக்கழகமும், அவன் அங்கே படிக்கிற வருடங்கள் முழுக்க, அவன் வந்த பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரு சின்னப் பங்கு தரலாம்: பந்து, வலை, ஒரு நாள் பயிற்சி முகாம், பழைய பூட்ஸ் ஆனாலும் சரி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அணிப் பட்டியலில் வீரனின் பெயருக்குப் பக்கத்தில் அவன் முதலில் ஆடிய பள்ளியின் பெயரையும் எழுதச் சொல்லலாம். செலவு ஒரு வரி மை. மாவட்ட அளவில் அரசுக் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் ஒரே அட்டவணையில் மோதுகிற ஒரு போட்டியை, ஜெயித்தவன் ஜெயித்தவனோடு மோதுகிற பூஞ்சேரி முறையில், நடத்தலாம். இந்த மாவட்டத்தின் ஏதாவது ஒரு வளாகத்தில் விளையாட்டுத் துறையில் இருப்பவர் இதைப் படித்தால், இந்த வருடம் சீட் கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவனும் எந்த ஊர் மைதானத்திலிருந்து வந்தான் என்று ஒரு முறை பாருங்கள். அதில் கருங்குழி இருந்தால், எங்களுக்கு இப்போதைக்கு இரண்டு இரும்பு கோல் போஸ்ட் போதும்.